இணை தேடும் பிஞ்சு விரல்கள்



ஒரே படம் அச்சிட்ட அட்டைகள் இரண்டிரண்டாக இருக்கும். அவற்றைக் கலைத்துப் பரப்பி வைத்தால், குழந்தை ஒன்றுக்கு ஒன்று இணை தேடிச் சேர்க்கும். மழலையருக்கான இந்த எளிய விளையாட்டைப் பற்றிச் செங்கல்பட்டைச் சேர்ந்த ஒரு சகோதரி இப்பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். மூன்றரை வயது மகனுக்காக அவர் வாங்கி வந்த அட்டைக் கட்டை, "நம் வீட்டுக்குள் சீட்டு நுழைந்ததே இல்லை" என்று கூறி அவருடைய மாமியார் எடுத்து வைத்துவிட்டாராம். மார்க்கம் இதை அனுமதிக்கிறதா? இதனால் பயன்தான் உண்டா? இவை அவருடைய இரண்டு வினாக்கள்.

மடலின் இறுதியில் அவர் இன்னொரு வரியையும் எழுதியிருக்கிறார். வீட்டில் உருது பேசுகிறார்களாம். வரும் ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வேண்டுமாம். அவனுக்குத் தமிழில் நான்கைந்து சொற்களே தெரியுமாம். சகோதரி கேட்ட இரண்டு வினாக்களைவிட, கேட்காமல் விட்ட இந்த மூன்றாவது செய்தியே பெரிது என்று நான் கருதுகிறேன். எனவே மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

மூத்தோரின் அச்சம்

அந்தப் பெரியவரின் அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. சீட்டாட்டத்தால் வீடிழந்த குடும்பங்களை அத்தலைமுறையினர் கண்ணால் கண்டிருக்கின்றனர். நம் காலத்திலோ அந்நோய் கைப்பேசிக்குள்ளேயே குடிபுகுந்தது. இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழகச் சட்டமன்றம் 2022ஆம் ஆண்டிலும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ய நாடாளுமன்றம் 2025ஆம் ஆண்டிலும் சட்டம் இயற்றும் அளவுக்கு அதன் கேடு பரவியது. ஆகவே, "சீட்டு" என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு பாட்டியின் நெஞ்சு பதறினால், அதில் நியாயம் உண்டு.

ஆனால் மார்க்கம் தடுத்தது எதனை? சூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் மதுவையும் சூதையும் ஷைத்தானின் செயல் என்று கூறி விலக்குகின்றன. அவற்றால் மனிதரிடையே பகையும் வெறுப்பும் மூள்கின்றன, இறை நினைவும் தொழுகையும் தடைபடுகின்றன என்று காரணத்தையும் விளக்குகின்றன. அன்றைய அரபு மக்கள் அம்புகளைக் குலுக்கி எடுத்து, அறுத்த ஒட்டகத்தின் இறைச்சிக்குச் சூதாடினர். அதன் பொருட்டு அம்பு விலக்கப்பட்ட பொருளாகிவிடவில்லை. அதே அம்பை எய்து பழகுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். தடுக்கப்பட்டது பந்தயமே அன்றி, அதற்குக் கருவியாக வந்த பொருள் அன்று. மருத்துவர் எழுதித் தருவதும் மருந்துச் சீட்டுத்தான். அதைக் கண்டு நாம் அஞ்சுவதில்லை.

நம் பகுதியில் அண்மையில் இதையொட்டிய பேச்சு ஒன்று எழுந்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது, சதுரங்கம் ஆகுமா என்று இளைஞர்கள் பலர் வினவினர். பகடை உருட்டி ஆடும் ‘நர்த்’ என்னும் ஆட்டத்தை ஹதீஸ் கடுமையாகக் கண்டிக்கிறது. சதுரங்கம் பற்றியோ இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தடை என்றவர்களும் உளர்; வெறுக்கத்தக்கது என்றவர்களும் உளர்; பந்தயம் இன்றி, தொழுகை தவறாமல், வீண் பேச்சின்றி ஆடுவோரிடம் சற்றுத் தளர்வு காட்டியவர்களும் உளர். குழந்தையின் இணை அட்டையிலோ பகடையும் இல்லை, பந்தயமும் இல்லை, தோற்றவனிடம் பறிப்பதற்கு ஏதும் இல்லை.

உருவப் படங்கள் பற்றிய ஐயம்

சிலருக்கு மற்றோர் ஐயம் எழலாம். அட்டைகளில் பூனை, கிளி முதலிய உயிரினங்களின் படங்கள் உள்ளனவே என்று கேட்கலாம். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்து விளையாடியதும், அவற்றுள் துணியால் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததும் ஹதீஸ் நூல்களில் காணப்படும் செய்திகள். குதிரைக்குச் சிறகா என்று நபிகளார் கேட்க, சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தனவே என்று அன்னையார் விடையளிக்க, நபிகளார் வாய்விட்டுச் சிரித்தார்கள். இதனை ஆதாரமாகக் கொண்டே, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களுக்கு மார்க்க அறிஞர்கள் பலர் விலக்கு அளித்துள்ளனர்.

பேணுதலை நாடி அதையும் தவிர்க்க விரும்புவோருக்கு வழி அடைந்துவிடவில்லை. எகிப்தில் மம்லூக் அரசர்கள் ஆண்ட காலத்துச் சீட்டுக் கட்டு ஒன்று இஸ்தன்பூல் நகரின் தோப்காபி அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுமார் 500 ஆண்டுகள் பழைமையான அக்கட்டில் கோப்பை, நாணயம், வாள், போலோ மட்டை என நான்கு வகைச் சின்னங்கள் உள்ளன. அரசரும் துணை அரசரும் அதில் உண்டு. ஆனால் அவர்களுக்கு முகம் இல்லை. பதவியின் பெயர் அழகிய அரபு எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவே. அக்கட்டை வைத்து எதை ஆடினார்கள் என்பது வேறு செய்தி. உயிருருவம் இன்றியும் கண்ணைக் கவரும் அட்டை செய்யலாம் என்பதற்கு அது சான்று. நம் வீட்டு அட்டைக்குப் பூவும், பழமும், படகும், பாத்திரமும் போதும்.

இணை சேர்ப்பதில் என்ன கல்வி?

இனி, பயன் பற்றிய வினாவுக்கு வருவோம். "இதுவும் அதுவும் ஒன்று, இது வேறு" என்று காணும் பார்வையே எழுத்தறிவின் முதற்படி. அரபு எழுத்துகளில் பா, தா, ஸா மூன்றுக்கும் உடல் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு புள்ளி, மேலே மூன்று புள்ளி என்பதே வேறுபாடு. ஜீம், ஹா, கா என்னும் மூன்றும் அவ்வாறே. தமிழில் எகரமும் ஏகாரமும் ஒரு சிறு கோட்டால் வேறுபடுகின்றன. மக்தபில் என் முன் அமரும் பிள்ளைகளுள் சிலர் பாவையும் தாவையும் மாற்றி மாற்றி ஓதுவது மந்த புத்தியால் அன்று. புள்ளி எங்கே இருக்கிறது என்று நின்று பார்க்க அவர்களுடைய கண்கள் இன்னும் பழகவில்லை. அந்தப் பழக்கத்தை மிரட்டலால் உண்டாக்க முடியாது. விளையாட்டால் உண்டாக்க முடியும்.

இதனை நன்கு அறிந்தவர் இத்தாலிய நாட்டுக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார். அவர் 1939ஆம் ஆண்டு சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1946 வரை அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் வகுத்த கருவிகளுள் வண்ணப் பலகைப் பெட்டியும் ஒன்று. முதற்பெட்டியில் ஆறே பலகைகள்: சிவப்பு இரண்டு, நீலம் இரண்டு, மஞ்சள் இரண்டு. மூன்று இணைகளுக்கு மேல் அவர் குழந்தையின் முன் முதலில் வைக்கவில்லை. கடையில் வாங்கிய கட்டைப் பிரித்து நாற்பது அட்டைகளையும் ஒரே வேளையில் கொட்டும் பெற்றோர் இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

நம் மாநிலத்திலும் படம் பார்த்து இணை தேடும் பழக்கம் வகுப்பறைக்குள் நுழைந்ததுண்டு. ஆந்திர மாநிலத்து ரிஷி வேலி கிராமப் பள்ளிகளின் முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் ‘செயல்வழிக் கற்றல்’ தொடங்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவடைந்தது. அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த நம் செங்கல்பட்டு வட்டாரமும் அதில் அடங்கும். சுவரில் ‘கற்றல் ஏணி’ தொங்கும். அதன் ஒவ்வொரு படியிலும் ஒரு சின்னமும் ஓர் எண்ணும் இருக்கும். குழந்தை, தான் நிற்கும் படியின் சின்னத்தைப் பார்த்து, அதே சின்னம் பொறித்த அட்டையைத் தட்டிலிருந்து தானே தேடி எடுத்துப் பாயில் அமர்ந்து கற்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையும் தனக்குரிய பாடத்தைத் தானே கண்டெடுக்க முடிந்தது என்பதே அதன் சிறப்பு. பின்னர் அம்முறை பல மாற்றங்களைக் கண்டது. 2022ஆம் ஆண்டு முதல் மூன்று வகுப்புகளுக்கென ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அதிலும் பாட்டு, கதை, அட்டை, விளையாட்டு ஆகியவற்றுக்கு இடமுண்டு.

பெயரைச் சொல்வதே பெரும்பயன்

மூன்றாவது செய்திக்கு வருகிறேன். படத்தைக் காட்டி "இது என்ன?" என்று பள்ளியில் ஆசிரியை கேட்கிறார். பிள்ளைக்கு அது ‘மச்லி’ என்று தெரியும். ‘மீன்’ என்று தெரியாது. சொன்னால் மற்றவர் சிரிப்பரோ என்று வாய் மூடி நிற்கிறான். சில நாள்களில் "இவன் பேசாத பிள்ளை" என்ற பெயர் விழுகிறது. சில மாதங்களில் "இவன் புரியாத பிள்ளை" என்று அது மாறுகிறது. பிள்ளையின் அறிவில் குறையில்லை. அவன் அறிந்த பொருளுக்கு இன்னொரு பெயர் உண்டு என்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. உருது பேசும் நம் குடும்பங்கள் பலவற்றில் ஆண்டுதோறும் இது நிகழ்கிறது. உருதுவைக் கைவிடுங்கள் என்று நான் கூறவில்லை. தாய்மொழியில் சொல்வளம் பெற்ற பிள்ளையே அடுத்த மொழியையும் எளிதில் பற்றிக்கொள்ளும்.

ஆதம் (அலை) அவர்களைப் படைத்த அல்லாஹ், அவர்களுக்குப் பொருள்கள் அனைத்தின் பெயர்களையும் கற்பித்தான் என்று சூரத்துல் பகராவின் 31ஆம் வசனம் கூறுகிறது. மனிதனின் முதற்பாடமே பெயர் அறிதல்தான். எனவே அட்டையை இணை சேர்த்தவுடன் கைதட்டி அடுத்ததற்கு ஓடிவிடாதீர்கள். இரண்டு அட்டைகளையும் கையில் எடுத்து, பெயரைச் சொல்லுங்கள். நிலா, சாந்த், கமர். மீன், மச்லி, ஸமக். கடல், சமுந்தர், பஹ்ர். படம் ஒன்று, பெயர் மூன்று. வீட்டு மொழி, பள்ளி மொழி, மார்க்கக் கல்வியின் மொழி ஆகிய மூன்றும் ஒரே பாயில் வந்து அமரும். தமிழ் பேசும் குடும்பத்தார் தமிழையும் அரபியையும் சேர்க்கலாம்.

சில சொற்களில் பிள்ளை தானே ஒரு புதுமை காணும். தமிழில் ‘சாவி’, உருதுவில் ‘சாபி’. தமிழில் ‘அலமாரி’, உருதுவில் ‘அல்மாரி’. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சொற்கள் இரு மொழிகளிலும் ஏறிக்கொண்டன. "அம்மா, இரண்டும் ஒன்று போலவே இருக்கிறதே!" என்று பிள்ளை கூவினால், அன்று அவன் சொற்களிலும் இணை தேடத் தொடங்கிவிட்டான் என்று பொருள்.

கைப்பேசித் திரையிலும் இதே விளையாட்டு கிடைக்கிறதே என்பீர்கள். திரை இணை சரியென்று மணியடிக்கும். ஆனால் உங்கள் பிள்ளை ‘மச்லி’ என்று சொன்னதை அது கேட்காது, ‘மீன்’ என்று எடுத்துக் கொடுக்கவும் செய்யாது. பிள்ளைக்கு எதிரே ஒரு மனிதர் அமர்ந்திருக்க வேண்டும் என்பதே இவ்விளையாட்டின் உயிர்நாடி.

அந்த மனிதர் வீட்டு மூத்தவராக இருப்பின் மிக்க நலம். சகோதரி அவர்களே! அட்டைக் கட்டை உங்கள் மாமியாரின் கையிலேயே கொடுத்து, "நீங்கள் பெயர் சொல்லுங்கள் மாமி, பிள்ளை தேடி எடுக்கட்டும்" என்று கேட்டுப் பாருங்கள். அம்மியும் குழவியும், உரலும் உலக்கையும், முறமும் சல்லடையும் அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. பந்தயம் ஏதுமில்லை என்பதை அவரே கண்டபின், தடுத்த கையே அட்டையைப் பரப்பும், இன்ஷா அல்லாஹ்.

படிப்படியாகத் தொடங்குங்கள்

இரண்டு வயதுக் குழந்தைக்கு அட்டை வேண்டாம், பொருளே போதும். இரண்டு கரண்டிகள், இரண்டு மூடிகள், ஒரே நிறக் காலுறைகள் இரண்டு. "இதைப் போன்றது எங்கே?" என்று கேளுங்கள். துவைத்த துணியை மடிக்கும் வேளையே அதற்குப் போதுமானது.

மூன்று வயதளவில் படங்களை மேற்புறமாகத் திறந்து வைத்து, மூன்று இணைகளுடன் தொடங்கலாம். அது எளிதானபின் ஐந்து, ஆறு என்று கூட்டலாம். அடுத்து, பொருளையும் அதன் படத்தையும் சேர்க்கச் செய்யுங்கள். அதற்கும் அடுத்து, உறவால் இணைந்தவற்றைக் கொடுங்கள்: பூட்டும் சாவியும், ஊசியும் நூலும், உளியும் சுத்தியும். அனைத்தையும் இணை இணையாகப் படைத்ததாகச் சூரத்துத் தாரியாத்தில் (51:49) இறைவன் கூறுவதை அப்போது ஓரிரு சொற்களில் எடுத்துரைக்கலாம்.

நான்கு வயதுக்கு மேல் அட்டைகளைக் கவிழ்த்து வைத்து, ஒரு முறைக்கு இரண்டாகத் திருப்பி, நினைவால் இணை காணும் ஆட்டம். ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959ஆம் ஆண்டு வெளியிட்டு உலகெங்கும் பரப்பியது இவ்வகையைத்தான். நான்கு இணைகளில் தொடங்குங்கள். பிள்ளையிடம் நீங்கள் தோற்றாலும் வியப்பதற்கில்லை.

நம் கரையிலேயே கிடைப்பவை

இதற்கெனப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. எழுதுபொருள் கடைகளில் ‘சார்ட்’ என்று கேட்டால், பழங்கள், பூக்கள், வாகனங்கள் அச்சிட்ட தாள் சில ரூபாய்களுக்குக் கிடைக்கும். ஒரே தாளை இரண்டாக வாங்கி, கட்டங்களை வெட்டி, தடித்த அட்டையில் ஒட்டினால் ஒரு கட்டு ஆயத்தம். ஒரே சோப்பின் இரு உறைகளும், ஒரே வகைத் தீப்பெட்டி இரண்டின் மேற்படங்களும்கூட இணைகளே. அடியில் ஒட்டுவதற்குப் பழைய நிக்காஹ் அழைப்பிதழ்கள் ஏற்றவை. ஆயின் பிஸ்மில்லாஹ்வும் இறைவசனமும் அச்சிட்ட பகுதியை முதலில் வெட்டி எடுத்துக் கண்ணியமாகப் பாதுகாத்துவிடுங்கள். அட்டைகள் காலடியில் சிதறக்கூடியவை. ஆதலால் அரபு அட்டை செய்வோர் தனி எழுத்துகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லாஹ்வின் திருநாமங்களையோ வசனங்களையோ அவற்றில் எழுத வேண்டாம்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடலோரம் வாழ்வோருக்கும், விடுமுறையில் மாமல்லபுரம் செல்வோருக்கும் மணலிலேயே விளையாட்டுப் பொருள் கிடைக்கிறது. சவுக்குக் காய், பனங்கொட்டை, வகைவகையான சிப்பி ஓடுகள் ஆகியவற்றை இரண்டிரண்டாகப் பொறுக்கி வரச் சொல்லுங்கள். ஜப்பானிய அரண்மனை மகளிர் பல நூற்றாண்டுகளுக்கு முன் சிப்பியின் இரு பாதிகளைப் பிரித்து, உட்புறத்தில் ஓவியம் தீட்டி, இணை தேடி விளையாடினர். ‘கை-அவாசே’ என்னும் அவ்வாட்டத்தின் முழுக் கட்டில் 360 சிப்பிகள் இருந்தன. ஒரு பாதிக்கு அதன் சொந்த மறுபாதியே பொருந்தும்; அளவிலும் நிறத்திலும் ஒத்த வேறொன்று பொருந்தாது. இரு பாதியும் ஒட்டியபடி கிடைக்கும் சிப்பிகள் நான்கைந்தைப் பிரித்துக் கலந்து பிள்ளையிடம் கொடுத்துப் பாருங்கள். படைத்தவனின் நுட்பம் அதன் விரலுக்கே தெரியும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் மட்டும் சிறு சிப்பியைத் தராதீர்கள்; வாயில் போட்டுக்கொள்ளும்.

உள்ளூர்க் காட்சிகளையும் அட்டையாக்கலாம். கலங்கரை விளக்கம், சிற்பியின் உளி, மீனவரின் வலை, கொளவாய் ஏரி, செங்கல்பட்டுச் சந்திப்பில் நிற்கும் இரயில் ஆகியவற்றை வரையலாம். பறவைப் படங்களைத் தவிர்க்காதோர் வேடந்தாங்கலை நாடலாம். கரண்டிவாயனின் அலகுக்கு வீட்டுக் கரண்டியையும், கூழைக்கடாவின் அலகுக்குப் பையையும் இணையாக்கினால் பிள்ளை குலுங்கிச் சிரிக்கும். அப்பெயர்களை மறக்கவும் செய்யாது.

சில எச்சரிக்கைகள்

வென்றால் மிட்டாய், தோற்றால் தண்டனை என்று வைக்காதீர்கள். பந்தயத்தின் வித்து அங்குதான் விழுகிறது. அண்ணனோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள். தவறான இணையை வைத்தால் "தப்பு" என்று அதட்டாமல், இரண்டையும் அருகருகே வைத்து, "இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இல்லை?" என்று கேளுங்கள். பத்து நிமிடங்கள் போதும். பிள்ளை சலிக்கும் முன் எடுத்து வைத்துவிடுங்கள். பாங்கொலி கேட்டதும் அட்டையை மூடித் தொழுகைக்கு எழுவதை அது உங்களிடம் காணட்டும்.

நபிகளார் (ஸல்) அவர்கள், அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பியிடம் அவனுடைய சிட்டுக்குருவியைப் பற்றி நலம் விசாரிக்க நேரம் ஒதுக்கினார்கள். ஒரு சமுதாயத்தையே தோளில் சுமந்தவர்களுக்கு அந்நேரம் கிடைத்தது என்றால், நமக்குப் பத்து நிமிடங்கள் கிடைக்காமல் போகுமா?

வரும் வெள்ளிக்கிழமை மாலை ஆறு அட்டைகளை வெட்டுங்கள், மூன்று இணைகள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வீட்டு மொழிப் பெயரையும் பள்ளி மொழிப் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். ஜூன் மாதத்திற்குள் அவை அறுபது சொற்களாகட்டும். ஆசிரியை படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்கும் நாளில், உங்கள் பிள்ளை தலைகுனியாமல் வாய் திறந்து விடை சொல்லட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக!